மாமியார் சொன்ன தீர்ப்பு

குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யைப் படித்தவர்கள் நாலு பேர் கூடிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கிறது. கான்வென்ட்டில் படித்த விவசாயி மகள் ஒருத்தி காதல் நாவல்களை அளவுக்கு மீறிப் படித்தாள். அவற்றில் வரும் வாழ்க்கை தனக்கும் வேண்டும் என்று ஏங்கினாள். சாதுவான கணவன் ஷார்லை வெறுத்தாள், ரொதோல்ஃப், லெயோன் என்ற இரண்டு ஆண்களை நம்பி மோசம்போனாள், கடைசியில் ஆர்சனிக்கைத் தின்று செத்தாள். ஆகவே, கற்பனையை நிஜமென்று நம்பியதால் அழிந்தவள் எம்மா என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். பெண்ணாகப் பிறந்த தோன் கிஹோத்தே என்று அவளுக்கொரு பட்டமும் உண்டு.

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. நாவலின் பெரும் பகுதியைப் புரட்டித் தள்ளினால்தான் இப்படியொரு முடிவுக்கு வர முடியும். புரட்டித் தள்ளப்படும் பக்கங்களில் இருப்பது கடன். யார் கொடுத்தார், எதைக் காட்டிக் கொடுத்தார், எப்போது புரோநோட்டில் கையெழுத்து வாங்கினார், எத்தனை முறை அதைப் புதுப்பித்தார், எந்த நாளில் ஜப்திக்கு வந்தார் என்ற விவரமெல்லாம் அங்கே இருக்கிறது. 1851 செப்டம்பரில் தொடங்கி 1856 ஏப்ரல் வரை, ருவான் நகருக்குப் பக்கத்தில் க்ருவாசே வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தோடும் மல்லுக்கட்டி எழுதிய மனிதர் ஃப்ளோபேர். அப்படிப்பட்டவர் பிராங்குக் கணக்கைப் பக்கம் நிரப்புவதற்காக எழுதியிருக்க மாட்டார்.

நாவல் படித்துக் கெட்டாள் என்ற தீர்ப்பை முதலில் சொன்னவர் யார் என்று பார்த்தால், கதைக்குள்ளேயே ஒருவர் சொல்லிவிட்டார். எம்மாவின் மாமியார். இரண்டாம் பாகம், ஏழாம் அத்தியாயம். லெயோன் ஊரைவிட்டுப் போனபின் எம்மாவுக்கு மயக்கம் வருகிறது, ஒருநாள் ரத்தமும் கக்குகிறாள். என்ன செய்வதென்று தெரியாத ஷார்ல் தன் அம்மாவை வரவழைக்கிறான். வந்தவர் பார்த்த மாத்திரத்தில் நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்: மருமகளுக்கு வேலை இல்லை, சதா நாவல் படிக்கிறாள், மதத்துக்கு விரோதமான புத்தகங்களைப் படிக்கிறாள். வாசிப்பை நிறுத்திவிடுவதென்று தாயும் மகனும் முடிவெடுக்கிறார்கள். ஊர் திரும்பும் வழியில் ருவானில் இறங்கி, வாடகைப் புத்தகக் கடையில் எம்மாவின் சந்தாவைத் தானே ரத்து செய்வதாக அந்த அம்மையார் பொறுப்பேற்கிறார். கடைக்காரன் அதற்குப் பிறகும் புத்தகம் கொடுத்தால் நஞ்சு விற்கிறான் என்று போலீசில் சொல்லலாம் என்பது வரை அவருடைய யோசனை போகிறது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விமர்சனம் என்ற பெயரில் சொல்லப்பட்டுவருவது இந்த அம்மையாரின் கருத்துதான். ஆனால் அவர்கூட அதிலேயே நின்றுவிடவில்லை. மூன்றாம் பாகத்தில், மகன் மனைவிக்கு எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தைப் பற்றித் தெரிந்ததும் கொதித்துப்போகிறார். எம்மா அதைக் கொண்டுவந்து நீட்ட, வாங்கிக் கணப்பில் போட்டு எரித்துவிடுகிறார். ஆபத்து எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பது கடைசியில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எரிந்த பத்திரத்துக்குப் பதிலாக அதே மாதிரி இன்னொன்றை நோட்டரியிடம் போய் எழுதிக்கொடுத்தவன் ஷார்ல்.

கதைக்கு வெளியே இந்தத் தீர்ப்பு உறுதியான இடம் நீதிமன்றம். நாவல் 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘ரெவ்யூ த பாரி’ இதழில் தொடராக வந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் கேடு என்று அரசு வழக்குப் போட்டு, 1857 ஜனவரி 29 அன்று விசாரணை நடந்தது. அரசுத் தரப்பில் எர்னெஸ்ட் பினார், ஃப்ளோபேர் தரப்பில் ழூல் செனார். ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் கள்ள உறவுகளின் கதை இது, அவளைத் தலைகுனிய வைக்க நாவலில் ஒரு பாத்திரம்கூட இல்லை என்றார் பினார். செனார் அதை மறுத்த விதம்தான் கவனிக்க வேண்டியது. தீமையைக் கோரமாகக் காட்டி நன்மைக்குத் தூண்டும் புத்தகம் இது, குடும்ப நிலைக்குப் பொருந்தாத படிப்பை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எச்சரிக்கும் புத்தகம் என்று வாதாடினார். அதாவது, எம்மா கெட்டவள், கெட்டதற்குக் காரணம் அவள் மனசும் அவள் படித்ததும் என்பதில் இரண்டு வக்கீல்களும் ஒன்றுபட்டார்கள். புத்தகம் அதை ஆதரிக்கிறதா, கண்டிக்கிறதா என்பதில் மட்டும்தான் சண்டை. பிப்ரவரி 7 அன்று கண்டனத்தோடு விடுதலை கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இதே பினார் போதலேரின் மீது தொடுத்த வழக்கில் 300 பிராங்கு அபராதமும் ஆறு கவிதைகளுக்குத் தடையும் வந்ததை நினைத்தால், செனார் வக்கீல் என்ற முறையில் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார் என்று புரியும். ஃப்ளோபேர் நன்றியோடு நூலை அவருக்கே சமர்ப்பித்தார். ஆனால் சிறைக்குப் போகாமல் ஒருவரைக் காப்பாற்ற எழுப்பிய வாதம் அந்த நாவலின் பொருளாகிவிடாது. 1892இல் ழூல் த கோத்தியே இந்தப் பார்வைக்கு ‘பொவாரிஸ்ம்’ என்று ஒரு பெயரையும் சூட்டினார். தன்னைத் தான் அல்லாத இன்னொருவராக எண்ணிக்கொள்ளும் இயல்பு என்று அதற்கு அர்த்தம். அதோடு எம்மாவின் சாவு முழுக்க அவள் தலைக்குள் நடந்த விவகாரமாகிவிட்டது. கடன் கொடுத்தவன் காட்சியிலிருந்து மறைந்தான்.

அவன் பெயர் லெரூ. எம்மா வாழும் யோன்வில்லில் துணி வியாபாரி. முதல் தடவை எம்மாவின் வீட்டுக்கு அவன் வரும் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். அல்ஜீரியச் சால்வைகள், ஆங்கில ஊசிப் பொட்டலங்கள், வைக்கோல் செருப்பு, தேங்காய் ஓட்டில் கைதிகள் குடைந்த முட்டைக் கிண்ணங்கள் என்று கடை விரிக்கிறான். எம்மா எதுவும் வேண்டாம் என்கிறாள். காதல் நாவலில் ஊறித் தலைகால் புரியாமல் திரிகிறவள் என்று சொல்லப்படும் அந்தப் பெண், அவன் போனபின் சால்வைகளை நினைத்து, எவ்வளவு புத்தியோடு நடந்துகொண்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறாள். ஆனால் லெரூ சரக்கு விற்க மட்டும் வந்தவன் அல்ல. பணம் ஒரு பிரச்சினையே இல்லை, தேவைப்பட்டால் நானே தருகிறேன் என்று சொல்லி வைக்கிறான். போகிற போக்கில் ‘கஃபே ஃப்ரான்சே’ நடத்தும் தெலியே கிழவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறான். ஷார்ல்தான் அவருக்கு வைத்தியம் பார்க்கிறான்.

இந்தத் தெலியேதான் என் முதல் சாட்சி. வாசகர் பேச்சில் இவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. விவசாயக் கண்காட்சி நாளில், மேடைப் பேச்சும் பரிசளிப்பும் தொடங்குவதற்கு முன், விடுதிக்காரி மதாம் லெஃப்ரான்சுவா மருந்துக்கடைக்காரர் ஓமேயிடம் ஒரு செய்தி சொல்கிறாள். தெலியேயின் கடை ஒரு வாரத்தில் மூடிவிடும், ஜப்தி வருகிறது, லெரூதான் புரோநோட்டுகளாலேயே அந்த மனிதரை அடித்துக் கொன்றுவிட்டான். சொல்லிக்கொண்டே லெரூவைக் காட்டுகிறாள். அவன் அந்தக் கணத்தில் மதாம் பொவாரிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான், மதாம் பொவாரி ரொதோல்ஃபின் கையைப் பிடித்தபடி நிற்கிறாள். நாவலாசிரியர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? ஒருவரைத் தீர்த்துவிட்டு அடுத்தவரை வணங்குகிறான் அவன். தெலியே எந்தக் காதல் நாவலையும் படித்ததாகக் கதையில் இல்லை, கள்ளக் காதலும் அவருக்கு இல்லை. அதே ஊர், அதே ஆள், அதே காகிதம். எம்மாவின் அழிவுக்கு அவள் வாசிப்புதான் காரணம் என்றால், தெலியேயின் அழிவுக்கு என்ன காரணம்?

இரண்டாவது சாட்சி லெயோன். யோன்வில்லுக்கு எம்மா வந்திறங்கிய முதல் நாள் இரவு, விடுதியில் சாப்பாட்டு மேசையில் அவனும் அவளும் பேசுவதைக் கேளுங்கள். கடல், சூரிய அஸ்தமனம், மலை, ஜெர்மன் இசை, கண்ணீர் வரவழைக்கும் கவிதை என்று இருவரும் அச்சு அசலாக ஒரே புத்தக அலமாரியிலிருந்து பேசுகிறார்கள். அவள் படித்ததை அவனும் படித்திருக்கிறான், அவள் நம்பியதை அவனும் நம்பினான். அவனுக்கு என்ன ஆயிற்று? இவ்தோ ஊரில் நோட்டரி ஆனான், லெயோகாதி லெபெஃப் என்ற பெண்ணோடு திருமணம். அதே நாவல்கள் ஒருவருக்கு இளமைக்கால ரசனையாகவும் இன்னொருவருக்குச் சாவாகவும் முடிந்தால், நாவல்களை விட்டுவிட்டு வேறெங்காவது காரணம் தேட வேண்டும். லெயோன் ஆண், கையில் தொழில் இருக்கிறது, லெரூவிடம் அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

எம்மாவின் வீட்டுக்குள் லெரூ அடிக்கடி வந்துபோகத் தொடங்கியது எப்படி என்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வளைபாதத்தைச் சரிசெய்யும் புது அறுவை முறையைப் புகழும் கட்டுரை ஒன்றை ஓமே படிக்கிறார். யோன்வில்லும் காலத்தோடு முன்னேற வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிடுகிறது. விடுதியில் வேலை செய்யும் இப்போலித்தின் காலை ஷார்ல் அறுக்க வேண்டும் என்று விரட்டுகிறார். ஷார்ல் முழு டாக்டர் அல்ல, கீழ்நிலை மருத்துவச் சான்று மட்டும் உள்ளவன். புத்தகம் வரவழைத்துப் படித்துவிட்டுத் தசைநாணை வெட்டுகிறான். கால் அழுகிப்போகிறது. நொய்ஷாத்தேல் டாக்டர் கனிவே வந்து தொடையோடு எடுக்கிறார். அந்த இப்போலித்துக்கு எம்மா பரிசாகக் கொடுக்கும் செயற்கைக் காலின் விலை 300 பிராங்கு. அதை வரவழைத்துத் தரும் பொறுப்பை ஏற்றவன் லெரூ, அந்தச் சாக்கில்தான் அவன் அவளிடம் நெருங்குகிறான். இந்த நாவலில் வாசிப்பு ஒரு மனிதனை ஊனமாக்கிய சம்பவம் இருக்கிறது என்றால் அது இதுதான். படித்தவர் ஓமே, படித்தது கட்டுரை, கால் போனது ஏழை குதிரைக்காரனுக்கு, கடன் வந்து சேர்ந்தது எம்மாவின் வீட்டுக்கு. காதல் நாவலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் ஓமேயின் செய்தித்தாளை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

கடன் முழுக்க எம்மாவின் ஆடம்பரத்தால் வந்தது என்பதும் சரியல்ல. ரொதோல்ஃப் கைவிட்டபின் அவள் காய்ச்சலில் கிடந்த மாதங்களில் லெரூ பில்லோடு வந்து நெருக்கியது ஷார்லை. அவன் ஒரு நோட்டில் கையெழுத்திட்டு, கூடவே ஓராண்டுத் தவணையில் 1000 பிராங்கு கடனும் கேட்டு வாங்கினான். ஃப்ளோபேர் லெரூவின் மனக்கணக்கை அப்படியே எடுத்து வைக்கிறார்: ஆறு சதவீத வட்டி, மேலே கால் சதவீதக் கமிஷன், கொடுத்த சரக்கில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு லாபம், எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மாதத்தில் 130 பிராங்கு. பிரான்சில் 1807ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிகக் கடனுக்கு வட்டி உச்சவரம்பு ஆறு சதவீதம். லெரூ அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. சட்டம் அவனைத் தொட முடியாதபடி கமிஷனிலும் சரக்கிலும் புதுப்பித்தலிலும் சம்பாதித்தான். கந்துவட்டியைச் சட்டப் புத்தகத்துக்குள் உட்கார்ந்தே நடத்தியவன் அவன்.

அடுத்தது பவர் பத்திரம். ஷார்லின் தந்தை இறந்த துக்க வீட்டுக்குக் கறுப்புத் துணியோடு வந்த லெரூதான் அந்த யோசனையை எம்மாவின் காதில் போட்டான். இது ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள 1804இன் சிவில் சட்டம் தெரிய வேண்டும். மணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் சொத்தை விற்கவோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ முடியாது. அப்படிப் போட்டால் செல்லாது. எம்மாவின் கையெழுத்தை நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய கையெழுத்தாக்க லெரூவுக்கு ஷார்லின் ஒப்புதல் வேண்டியிருந்தது, அதை அவளைக் கொண்டே வாங்கவைத்தான். பத்திரத்தின் நகலை எழுதிய நோட்டரி கியோமேன் லெரூவோடு ரகசியத் தொடர்பில் இருப்பவர். அடமானக் கடன்களுக்கு அவருக்குப் பணம் வந்ததே லெரூவிடமிருந்துதான். இத்தனையும் நாவலிலேயே இருக்கிறது, நான் ஊகித்துச் சொல்லவில்லை.

பிறகு ருவானில் ஒரு நாள், லெயோனின் கையைப் பிடித்தபடி ஓட்டலிலிருந்து வெளியே வரும் எம்மாவை லெரூ பார்த்துவிடுகிறான். ஊரெல்லாம் சொல்லிவிடுவானோ என்று அவள் நடுங்குகிறாள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அவள் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, பணம் வேண்டும் என்றான். மாமனார் விட்டுப்போன பார்ன்வில் சொத்தை விற்றுவிடலாம், பவர்தான் கையில் இருக்கிறதே என்று வழியும் காட்டினான். கிரயம் 4000 பிராங்கு, பாதி உடனே வந்தது. அவள் அதை வைத்துக் கடனை அடைக்கப் போகும்போது, இவ்வளவு பெரிய தொகையை நீங்கள் விட்டுக்கொடுப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை என்று சொல்லி, தலா 1000 பிராங்குக்கு நான்கு நோட்டுகளை எடுத்து நீட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டு முழுப் பணத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றான். ருவான் வங்கிக்காரன் வேன்சார் அந்த நோட்டுகளைத் தள்ளுபடிக்கு எடுத்துக்கொண்டு, வர வேண்டிய 2000க்குப் பதிலாக 1800 அனுப்பினான். இருநூறு பிராங்கு கமிஷனாகப் போய்விட்டது. கள்ள உறவுதான் எம்மாவைக் கொன்றது என்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். லெரூவின் கையில் அந்த உறவு ஓர் ஈடு, நகையை வாங்கிப் பூட்டி வைப்பது போல அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டான்.

அவள் வாங்கிக்கொண்டும், கொடுக்காமலும், கடன்பட்டும், நோட்டுகளைப் புதுப்பித்தும் போனதில், தவணைக்குத் தவணை பெருத்து, லெரூ தன் வியாபாரத் திட்டங்களுக்குப் பொறுமையில்லாமல் எதிர்பார்த்திருந்த மூலதனம் சேர்ந்துவிட்டது என்று கதைசொல்லி நேரடியாகவே சொல்கிறார். 8000 பிராங்கை 24 மணி நேரத்தில் கட்ட வேண்டும் என்ற தீர்ப்புக் காகிதம் அதன் பிறகுதான் வருகிறது. அமீனா வந்து வீட்டில் ஒவ்வொரு அறையாக நுழைந்து பட்டியல் எழுதுகிறார்.

என் வாதத்துக்கு எதிராக வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். நோட்டரி கியோமேன், வரி வசூலிப்பவர் பினே என்று படியேறி இறங்கியபின், கடைசியாக எம்மா ரொதோல்ஃபிடம் 3000 பிராங்கு கேட்கிறாள். இல்லை என்கிறான். அவன் மாளிகையிலிருந்து இருட்டில் நடந்துவரும்போது, அந்தக் கோர நிலைக்குக் காரணமான பண விவகாரம் அவளுக்கு நினைவிலேயே இல்லை, காதலால் மட்டுமே வேதனைப்பட்டாள் என்று எழுதுகிறார் ஃப்ளோபேர். பார்த்தீர்களா, அவளைக் கொன்றது காதல்தான் என்று பலர் இந்த இடத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் செய்வது அதற்கு நேர்மாறான வேலை. அவள் மறந்துவிட்டாள், கதைசொல்லி மறக்கவில்லை. காரணம் பணம் என்று அவர் அந்த இடத்தில் பெயரிட்டுச் சொல்கிறார். காரணம் பணம் என்பது அவளுக்குத் தெரியாமல் போனது அவளுடைய துயரம். அதை நமக்கும் தெரியாமல் விட்டால் அது நம் வாசிப்பின் குறை. ரொதோல்ஃப் கைவிட்டுப் போனபோது அவள் சாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கிடந்து எழுந்தாள். லெயோன் சலித்துப்போனபோதும் சாகவில்லை. காதலின் தோல்விகளை அவள் உடம்பு இரண்டு முறை தாங்கியிருக்கிறது. தாங்காதது ஒன்றே ஒன்று, ஒரு நாள் கெடு வைத்த 8000 பிராங்கு.

கான்வென்ட் அத்தியாயத்தையும் இவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். புரட்சியில் நொடித்துப்போன பிரபு குடும்பத்தைச் சேர்ந்த வயதான கன்னி, மாதம் ஒரு வாரம் துணி தைக்க வருகிறவள், பெண்பிள்ளைகளுக்கு ரகசியமாகக் கொடுத்த நாவல்கள். நிலவொளி, படகு, கண்ணீர், குதிரை மேல் வரும் வீரன். ஃப்ளோபேர் அவற்றை இரக்கமில்லாமல் தோலுரிக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. அவள் ஆசைகளுக்கு உருவம் கொடுத்தவை அவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் சாவதில்லை. இந்த நாவலில் ஆசைப்படாதவர் யார்? ஓமேக்கு லெஜியோன் பதக்கத்தின் மேல் ஆசை. ரொதோல்ஃபுக்குப் பெண்கள் மேல். லெரூவுக்கு ருவான் வரை ஓடும் வண்டி சர்வீஸ் நடத்த ஆசை. அவர்கள் ஆசையெல்லாம் நிறைவேறுகிறது. எம்மாவின் ஆசைக்கு மட்டும் இந்தச் சமூகத்தில் வழியே இல்லை. தொழில் இல்லை, தன் பெயரில் கையெழுத்து இல்லை. விவாகரத்து 1816இல் ஒழிக்கப்பட்டது, 1884இல்தான் திரும்ப வந்தது. பிறன்மனை உறவுக்குப் பெண்ணுக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவன் வைப்பாட்டியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால்தான் குற்றம், அதற்கும் அபராதம் மட்டும். 1810இன் தண்டனைச் சட்டம் இது. கருவுற்றிருந்தபோது எம்மா ஆண் குழந்தை வேண்டும் என்று விரும்பியது எதனால் என்று இதைத் தெரிந்துகொண்டு படித்தால் புரியும்.

அவளைப் புனிதையாக்க நான் முயலவில்லை. மகள் பெர்த் காலைச் சுற்றி வந்தபோது எரிச்சலில் தள்ளிவிட்டு, கன்னத்தில் காயம் பட்டதும் தானாக விழுந்தாள் என்று ஷார்லிடம் பொய் சொன்னவள் அவள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவளைப் பெண் விடுதலையின் கொடி என்று தூக்கிப் பிடிப்பவர்களோடும் என்னால் சேர முடியாது. ஆனால் ஒருத்தி நல்ல தாயாக இல்லை என்பது, அவள் கழுத்தில் சுருக்கை இறுக்கியவனை விசாரிக்காமல் விட ஒரு காரணம் ஆகாது. கியோமேன் உதவிக்கு விலையாக அவளையே கேட்டபோது, என் நிலைமை பரிதாபம்தான், ஆனால் நான் விற்பனைக்கு இல்லை என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனவளும் இதே எம்மாதான். காமத்தால் அழிந்தவள் என்கிறவர்கள் அந்தக் காட்சியை என்ன செய்வார்கள்? உயிர் பிழைக்க அந்த வழி திறந்திருந்தது. அவள் அதில் போகவில்லை.

ஃப்ளோபேர் இந்தக் கணக்கையெல்லாம் எங்கிருந்து எடுத்தார் என்பதும் ஓரளவு தெரியும். ரி ஊரில் 1848இல் இறந்த தெல்ஃபீன் தெலமார் என்ற மருத்துவர் மனைவியின் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஃப்ளோபேரின் காகிதங்களுக்கிடையே கிடைத்த ‘மதாம் லுதோவிக்காவின் நினைவுக் குறிப்புகள்’ என்ற கைப்பிரதி. சிற்பி ப்ரதியேயின் மனைவி லூயிஸ் ப்ரதியேயின் காதல்களும் கடன்களும் நோட்டுகளும் ஜப்தியும் அதில் இருக்கின்றன. கடனில் ஒரு பெண் எப்படி மூழ்குகிறாள் என்ற விவரத்தை ஃப்ளோபேர் தேடி வைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாவலின் அமைப்பும் என் பக்கம்தான். வாசித்துக் கெட்டவளுக்குக் கிடைத்த தண்டனைதான் கதை என்றால், எம்மா கண்ணை மூடிய மூன்றாம் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தோடு அது முடிந்திருக்கும். முடியவில்லை. இன்னும் மூன்று அத்தியாயங்கள் ஓடுகின்றன, அவற்றில் கடைசி அத்தியாயத்தில் தொடங்குவது வசூல். லெரூ வேன்சாரைத் தூண்டிவிட்டு மறுபடி நெருக்குகிறான். எம்மா ஒரு பாடமும் படிக்காத பியானோ ஆசிரியை ஆறு மாதக் கட்டணம் கேட்டு வருகிறாள். வேலைக்காரி எம்மாவின் உடுப்புகளை வாரிக்கொண்டு ஓடிப்போகிறாள். ஷார்ல் மனைவியின் ஒரு பொருளையும் விற்க மனமில்லாமல் மேலும் மேலும் கையெழுத்துப் போடுகிறான். செத்தவள் இனி நாவல் படிக்க முடியாது. கடன் மட்டும் நிற்காமல் வளர்கிறது. கடைசியில் ஷார்ல் ரொதோல்ஃபைச் சந்தித்து, எல்லாம் விதியின் குற்றம் என்கிறான். அந்த விதியை நடத்தி வைத்தவனுக்கே அது அசட்டுத்தனமாகப் படுகிறது. விதி என்று ஷார்ல் சொன்னதற்கும் நாவல் என்று விமர்சகர்கள் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் லெரூ தப்பிவிடுகிறான். நாவலிலும் தப்பிவிடுகிறான், அவனுடைய வண்டி சர்வீஸ் கடைசி அத்தியாயத்துக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

ஷார்லும் இறந்து எல்லாவற்றையும் விற்றபின் மிஞ்சியது 12 பிராங்கு 75 சென்டிம். அது பெர்த்தைப் பாட்டியிடம் அனுப்பும் வழிச்செலவுக்குச் சரியாகப் போயிற்று. பாட்டியும் அதே ஆண்டு இறந்துவிட, ஏழை அத்தை ஒருத்தி அவளை வைத்துக்கொண்டு, பிழைப்புக்காகப் பருத்தி ஆலைக்கு அனுப்புகிறாள். அந்தக் குழந்தை ஒரு நாவலும் படித்ததில்லை. எம்மாவின் வாசிப்புதான் குற்றம் என்கிறவர்கள், லெரூவின் நோட்டுகளைத் தொடாமல், பெர்த் ஏன் அந்த ஆலையில் நிற்கிறாள் என்று விளக்கிக் காட்டட்டும்.